கனமூலை வழியே: ஏற்றும் பாரமும் இழுக்கும் வண்டியும்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புத்தளம் நெடுஞ்சாலை, சிலாபத்தைக் கடந்ததும் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. அதுவரை வீதியின் இருமருங்கும் நெருங்கி நின்ற கடைகளும் வீடுகளும் மெல்ல விலக, தென்னந்தோப்புகளும் வெண்மணற் பரப்பும் களப்பு நீரின் ஒளியும் கண்ணுக்குத் தென்படத் தொடங்கும். பத்துளு ஓயாவையும் முந்தலையும் தாண்டினால் மதுரங்குளி. அதனை அடுத்துள்ள ஊர்களுள் ஒன்றே கனமூலை. அவசரப் பயணி பெயர்ப்பலகையைக்கூடக் காணாது கடந்துவிடக்கூடிய ஊர்தான். எனினும், பாரம் ஏற்றிச் செல்லும் எவரும் சற்றே நின்று எண்ணிப் பார்ப்பதற்குரிய பெயர் அதற்கு வாய்த்திருக்கிறது. பெயரின் முதலில் வரும் 'கன' என்பதை எடையென்று கொள்வது சொல்விளையாட்டே ஆகலாம். ஆயினும் அந்த விளையாட்டு இன்று நாம் பேசப்போகும் பொருளுக்கு மிகவும் பொருந்துகிறது.

இன்று நாம் பேசப்போவது, இழுத்துச் செல்லும் வண்டியையும் அதன் பின்னே வரும் பெட்டியையும் நிறுத்துப் பார்க்கும் கலையைப் பற்றியே. 'இதுவும் ஒரு கலையா?' என்று வாசகர்கள் வியக்கலாம். குடும்பத்தோடு கற்பிட்டிக் கடற்கரைக்குச் செல்வோர், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு மூட்டை முடிச்சுகளோடு புறப்படுவோர், படகைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு களப்பைத் தேடி வருவோர், உழவு இயந்திரத்தின் பின்னே தேங்காய் ஏற்றி அனுப்புவோர் ஆகிய எல்லோருடைய உயிரும் இந்தக் கலையோடு கட்டுண்டு கிடக்கிறது என்பதை அறிந்தால் அந்த வியப்பு நீங்கும்.

பாரம் சென்ற பழைய வழிகள்

இந்தக் கரையோரம் பன்னெடுங்காலமாகப் பயணிகளைக் கண்ட கரை. மொரொக்கோ நாட்டிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் வந்திறங்கியது புத்தளத்திலேதான். அங்கிருந்து அவர் பாவாத மலையைத் தரிசிக்கச் சென்றபோது, அப்போதிருந்த ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் கொடுத்து, உணவுப் பொருள்களைச் சுமப்பதற்கென்றே பதினைந்து ஆட்களையும் உடன் அனுப்பினாரென்று அவருடைய பயண வரலாறு கூறுகிறது. பயணியின் சுகம் வேறு, அந்தச் சுகத்துக்கான சுமை வேறு. சுமையைச் சுமப்பதற்கெனத் தனியே ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை அக்கால மன்னனும் உணர்ந்திருந்தான் போலும்!

பின்னர் ஒல்லாந்தர் காலத்தில், நீர்கொழும்புப் பக்கத்தைப் புத்தளத்தோடு இணைத்த வாய்க்கால் வழியே பாதைப் படகுகளில் பாரம் சென்றது. படகோட்டிக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை. நீர் ஏறும் மட்டத்தைப் பார்த்தே அவன் படகின் பாரத்தை அறிந்தான். முன்பக்கம் தாழ்ந்தால் மூட்டைகளைப் பின்னே நகர்த்தினான். ஒருபக்கம் சரிந்தால் மறுபக்கம் நகர்த்தினான். தண்ணீர் பொய் சொல்லாத தராசு. தரையில் ஓடும் வண்டிக்கோ அத்தகைய கண்கண்ட சாட்சி இல்லை. வில்லும் டயரும் சிறிது தாழ்வதைத் தவிர, அளவுக்கு மிஞ்சிய பாரத்தை அது வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லும்போதோ காலம் கடந்துவிடுகிறது.

1926ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை புத்தளம்வரை நீண்டது. லொறிகள் பெருகின. மாட்டுவண்டிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. ஆயினும் மாட்டுவண்டிக்காரன் நமக்கு விட்டுச்சென்ற இரண்டு சொற்கள் மட்டும் மறையவில்லை. அவை முன்பாரம், பின்பாரம் என்பன. இன்றைய பொறியியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அந்த இரண்டு சொற்களும் விளக்கிவிடுகின்றன.

முன்பாரமும் பின்பாரமும்

இரட்டைச் சக்கர வண்டியொன்றை மனக்கண்ணிற் கொண்டுவாருங்கள். அச்சுக்கு முன்னே உள்ள பாரம் ஏர்க்காலைக் கீழே அழுத்தும். அச்சுக்குப் பின்னே உள்ள பாரம் அதை மேலே தூக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை நசுக்கும். பின்பாரம் மிகுந்தாலோ நுகத்தடி மேலெழுந்து, கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டியும் பின்னே குடைசாயும். ஆகவே தேர்ந்த வண்டிக்காரன், கழுத்தில் நுகம் இலேசாகப் படிந்து நிற்குமாறு முன்பாரத்தைச் சிறிது மிகுத்தே ஏற்றுவான். நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே அவன் அந்த அளவைக் கண்டுகொள்வான்.

இன்று மாடுகளின் இடத்தில் இயந்திரம் நிற்கிறது. நுகத்தடியின் இடத்தில் கொக்கி நிற்கிறது. மற்றவை யாவும் அப்படியே இருக்கின்றன. பெட்டியின் மூக்கு கொக்கியின்மீது எவ்வளவு அழுத்துகிறது என்பதே இன்றைய முன்பாரம். பயண வீட்டுப்பெட்டிகளை இழுத்துச் செல்வது பெருவழக்காக உள்ள அமெரிக்காவில், பெட்டியின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்துவரை கொக்கியில் விழவேண்டும் என்பது பொதுவிதி. இலேசான பெட்டிகளும் அடக்கமான வேகமும் வழக்கிலுள்ள பிரித்தானியாவில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழுவரை போதுமெனக் கொள்வர். அளவில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருக்கலாம். ஆனால், பின்பாரம் மிகலாகாது என்பதில் எந்த நாட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பின்பாரம் மிகுந்த பெட்டி ஏன் ஆபத்தானது? வேகமாகச் செல்லும்போது காற்றோ குழியோ பெட்டியை ஒருபக்கம் தள்ளிவிட்டால், நன்கு ஏற்றிய பெட்டி இரண்டொரு முறை அசைந்து தானே நேராகிவிடும். பின்பாரம் மிகுந்த பெட்டியோ நேராவதற்குப் பதிலாக ஒவ்வொரு அசைவிலும் முன்னையதினும் அகலமாக ஆடும். நாய் வாலை ஆட்டுவது போய், வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும். சில வினாடிகளுக்குள் பெட்டியும் வண்டியும் வீதிக்குக் குறுக்கே கிடக்கும். ஓடும் பட்டையின்மேல் விளையாட்டு மோட்டாரையும் சிறு பெட்டியையும் வைத்து, பாரத்தை முன்னும் பின்னும் மாற்றிக் காட்டும் சோதனையொன்று உண்டு. பாரம் முன்னே இருக்கையில் விரலால் தட்டினாலும் பெட்டி நேராக ஓடும். அதே பாரத்தைப் பின்னே மாற்றி அதே விரலால் தட்டினால், பெட்டி துள்ளிப் புரளும். எடையில் ஓர் அணுவும் கூடவில்லை; இடம் மட்டுமே மாறியது என்பதே அதிற் கற்கவேண்டிய பாடம்.

லேண்ட்மாஸ்டரின் பின்னே

இந்தப் பாடத்தைக் கற்க அமெரிக்காவுக்குச் செல்லவேண்டியதில்லை. மதுரங்குளிச் சுற்றுவட்டாரத்தைப் போன்ற கமக்காரப் பகுதிகளின் மணற்பாதைகளில் ஓடும் இருசக்கர உழவு இயந்திரமும் அதன் பெட்டியுமே போதிய பாடநூல். அந்த இயந்திரம் எந்த நாட்டில் எந்தப் பெயரில் செய்யப்பட்டதாயினும் அதனை 'லேண்ட்மாஸ்டர்' என்று அழைப்பது நம் நாட்டுத் தமிழரிடையே பரவலான வழக்கம். அப்பெயருக்குரிய முதல் இயந்திரம் 1950களில் பிரித்தானியாவில் உற்பத்தியாயிற்று. அதன் ஆக்கத்தோடு தொடர்புடையவர் நம் நாட்டுப் பொறியியலறிஞரான றே விஜேவர்தன (1924–2010) அவர்கள். 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்திற் பங்குபற்றியவரும் அவரே. இயந்திரத்தை உருவாக்கிய அவர், பிற்காலத்தில், மண்ணைக் காக்கும் விவசாயத்துக்காகவே பெரிதும் வாதாடினார் என்பது எண்ணத்தக்கது.

இவ்வியந்திரத்துக்கு இரண்டே சக்கரங்கள். பெட்டிக்கும் இரண்டே சக்கரங்கள். சாரதி அமர்வதும் பெட்டியின் முன்பலகையிலேதான். ஆகவே இயந்திரமும் பெட்டியும் ஒன்றையொன்று நம்பியே நிற்கின்றன. பாரத்தைப் பின்னே குவித்தால் பெட்டியின் மூக்கு மேலெழுந்து, இயந்திரத்தின் சக்கரங்கள் நிலத்தை விட்டு இலேசாகி, மணலில் வெறுமனே சுழலும். முன்னே குவித்தால் கைப்பிடி தாழ்ந்து சாரதியின் கையை முறிக்கப் பார்க்கும்; இயந்திரத்தின் தலை நிமிரும். நடுவே, அச்சுக்குச் சற்று முன்னாகப் பாரத்தைப் பரப்பினால் மட்டுமே இரண்டும் இணங்கிச் செல்லும்.

இன்னோர் அபாயமும் உண்டு. அறியாதார்க்கு அது மாயவித்தைபோலத் தோன்றும். சமதரையில் இடப்பக்கப் பிடியை நெரித்தால், இடச்சக்கரத்துக்குச் செல்லும் விசை நின்று, வலச்சக்கரம் முன்னேற, இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்தோ பாலத்திலிருந்தோ பாரத்துடன் இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. அப்போது பின்னுள்ள பெட்டி இயந்திரத்தைத் தள்ளுகிறது. இயந்திர விசையோ சக்கரங்களை அடக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடப்பிடியை நெரித்தால் இடச்சக்கரம் அடக்கம் நீங்கி விரைந்து உருள, வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்! சாரதி நினைத்த திசைக்கு நேர் எதிரான திசை அது. எனவேதான் அனுபவசாலிகள் இறக்கத்திற் பிடியைத் தொடாமல், சிறு கியரில் மெல்ல இறக்கி, கைப்பிடியை உடல் வலுவால் திருப்புவர். பாரம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளலும் மிகுதி.

நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கும் இதுபோன்றதொரு விதி உண்டு. பெட்டியை அதற்கென அமைந்த தாழ்ந்த கொக்கியிலன்றி உயர்ந்த வேறோர் இடத்திற் பூட்டி இழுத்தால், முன்சக்கரங்கள் மேலெழுந்து, இயந்திரம் சாரதியின்மேல் பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். கொக்கி நிற்கும் உயரமும் பாரக் கணக்கில் ஒரு பகுதி என்பதை மறக்கலாகாது.

பெட்டி நிறைவதும் பாரம் நிறைவதும்

கண்ணால் எடையை அளக்கலாமென நம்புவதே பெரும்பாலான விபத்துகளுக்கு வித்து. ஒரே பெட்டியைத் தென்னம் மட்டையால் நிரப்பினால் அது மலைபோல் உயர்ந்து நிற்கும், எடையோ அற்பம். அதே பெட்டியில் உப்பைக் கொட்டினால் ஒரு கன மீற்றருக்கு 1,000 கிலோகிராமுக்கும் மேலாகும். உலர்ந்த மணலாயின் ஏறத்தாழ 1,600. அந்த மணல் மழையில் நனைந்திருந்தால் அதற்கும் மேல். உப்பும் மணலும் தேங்காயும் ஒருங்கே விளையும் இந்தக் கரையில் இந்த வேறுபாட்டை அறியாமல் எவனும் நல்ல சாரதியாக முடியாது. மயிலிறகையே ஏற்றினாலும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பதைத் திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திற் சொல்லிவைத்தார். அரசனுக்குச் சொன்ன அந்த உவமை, சாரதிக்கு நேரடியாகவே பொருந்தும்.

பயண வீட்டுப்பெட்டியில் இந்த ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட பயண வீடுகளுள் முன்னோடியெனப் புகழ்பெற்ற 'வாண்டரர்', 1885ஆம் ஆண்டில் கோடன் ஸ்டேபிள்ஸ் என்பாருக்காகப் பிரிஸ்டல் நகரில் செய்யப்பட்டது. அதை இழுத்தவை குதிரைகள். மரத்தாலான அந்த வீட்டை இழுக்கக் குதிரைகள் மூச்சு வாங்கியபோது அதன் கனம் எல்லோர்க்கும் தெரிந்தது. இன்றைய மோட்டார் வண்டி மூச்சு வாங்குவதில்லை. ஆகவே இல்லத்தரசி ஒரு பெட்டியும் பிள்ளைகள் ஒரு பெட்டியுமாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். நூறு லீற்றர் தண்ணீர் என்றால் நூறு கிலோ. சமையல் வாயு உருளையில் வாயு மட்டும் 12.5 கிலோ, உருளையின் இரும்பு அதற்கு வேறு. கட்டில், மெத்தை, குளிர்ப்பெட்டி, பாய், பாத்திரம், பிள்ளைகளின் துவிச்சக்கரவண்டி என்று ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, தயாரித்தவர் குறித்த எல்லையை யாரும் அறியாமலே தாண்டிவிடுகிறது.

தராசில் மூன்று தடவை

ஆகவே நிறுத்துப் பார்ப்பதே வழி. லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கும் எடைமேடைகள் நெல் ஆலைகள், உப்பளங்கள், பழைய இரும்பு வாங்கும் இடங்கள் போன்றவற்றில் உண்டு. சிறிது கட்டணத்துக்கு இசைந்து நிறுத்துத் தருவோரும் உளர். பயணத்துக்குரிய பொருள், எரிபொருள், ஆட்கள் யாவற்றையும் ஏற்றிக்கொண்டு முழுப் பாரத்துடன் அங்கே செல்லவேண்டும். வெறும் வண்டியை நிறுத்து வருவதால் பயனில்லை.

முதற் தடவை, பெட்டியைக் கழற்றிவிட்டு இழுக்கும் வண்டியை மட்டும் நிறுக்க வேண்டும். முதலில் முன்சக்கரங்கள் மட்டும் மேடையில். பிறகு முழு வண்டி. இரண்டாம் தடவை, பெட்டியைப் பூட்டியபின் இழுக்கும் வண்டியின் சக்கரங்களை மட்டும் அவ்வாறே மேடையில் நிறுத்தி நிறுக்க வேண்டும். மூன்றாம் தடவை, வண்டியும் பெட்டியும் சேர்ந்து நிறுக்க வேண்டும். மேடை நீளம் போதாதாயின், வண்டியை முன்னே செலுத்திப் பெட்டியின் சக்கரங்களைத் தனியே நிறுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம் காண்போம். வண்டி தனியே 2,100 கிலோ. அதில் முன்னச்சில் 1,100, பின்னச்சில் 1,000. பெட்டியைப் பூட்டியபின் முன்னச்சில் 1,040, பின்னச்சில் 1,180; ஆகமொத்தம் 2,220. எல்லாம் சேர்ந்து 3,300. இனிக் கழித்தற் கணக்கு. 3,300இலிருந்து 2,100ஐக் கழிக்க, பெட்டியின் முழு எடை 1,200 கிலோ. 2,220இலிருந்து 2,100ஐக் கழிக்க, கொக்கியில் விழும் முன்பாரம் 120 கிலோ. அதாவது நூற்றுக்குப் பத்து. மிகுதி 1,080 கிலோவைப் பெட்டியின் அச்சுத் தாங்குகிறது.

இந்தக் கணக்கில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். கொக்கியில் விழுந்தது 120 கிலோ; ஆனால் பின்னச்சில் ஏறியதோ 180 கிலோ! மிகுதி 60 எங்கிருந்து வந்தது? முன்னச்சிலிருந்து வந்தது. கொக்கி பின்சக்கரங்களுக்கும் அப்பால் நீட்டிக்கொண்டிருப்பதால், அது நெம்புகோல்போல் வண்டியின் முன்புறத்தைத் தூக்குகிறது. முன்சக்கரங்கள் இலேசானால் சுக்கான் சொற்கேளாது. பிறேக்கின் பிடியும் தளரும். இரவில் முன்விளக்கு எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே முன்பாரம் நல்லதென்று அதையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றலாகாது.

கிடைத்த எண்களை ஐந்து எல்லைகளோடு ஒப்பிட வேண்டும். வண்டி சுமக்கக்கூடிய மொத்த எடை, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடை, வண்டியும் பெட்டியும் சேர்ந்த எடை, கொக்கி தாங்கும் முன்பாரம், பெட்டிக்கு அதன் தயாரிப்பாளர் குறித்த உச்ச எடை என்பனவே அவை. இவை வண்டியின் கைநூலிலும் கதவருகே அறைந்த தகட்டிலும் கொக்கியின்மேலும் பெட்டியின் தகட்டிலும் காணப்படும். டயரின் பக்கத்திற் பொறித்த இலக்கத்தையும் பார்க்கவேண்டும். 91 என்று இருந்தால் அந்த டயர் உரிய காற்றழுத்தத்தில் 615 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. நமது உதாரணத்தில் பெட்டியின் இரு சக்கரங்களும் 1,080 கிலோவைப் பகிர்ந்து 540 வீதம் தாங்குவதால் 91ஆம் இலக்க டயர் போதும். ஆனால் பாரம் ஒருபக்கம் மிகுந்திருந்தால் அந்தப் பக்கத்து டயர் எல்லையைத் தாண்டிவிடும். முன்பின் பார்ப்பது போலவே இடம்வலமும் பார்க்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

அந்த வண்டியின் கொக்கியில் '100 கிலோ' என்று பொறித்திருந்தால் என்ன செய்வது? நூற்றுக்குப் பத்து என்ற விதி 120 கேட்கிறது; கொக்கியோ 100க்கு மேல் தாங்கமாட்டேன் என்கிறது. இந்த இடத்திலேதான் பலரும் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கிறார்கள். பொருள்களைப் பெட்டியின் பின்பக்கம் தள்ளி, கொக்கியின் கணக்கைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். கணக்குச் சரியாகிறது, பயணம் பிழைத்துப்போகிறது. விதி ஒன்று சொல்லக் கொக்கி வேறொன்று சொன்னால், குறையவேண்டியது பெட்டியின் பாரமே. பெட்டியைக் குறைக்க முடியாவிட்டால், அந்த வண்டிக்கு அந்தப் பெட்டி ஏற்றதன்று என்பதே தராசின் தீர்ப்பு. புதிதாக இழுக்கப் பழகுவோர், பெட்டியின் எடை வண்டியின் எடையில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது நலம் என்று பிரித்தானியாவில் அறிவுரை கூறுவர். மிகச் சிறந்த எச்சரிக்கை அது.

வீட்டு முற்றத்துத் தராசு

எடைமேடை அருகில் இல்லாதவர்கள் முன்பாரத்தை மட்டுமாவது முற்றத்திலேயே அறிந்துகொள்ளலாம். சமதரையில் பெட்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துத் தடுத்துவிடுங்கள். உறுதியான பலகையொன்றின் ஒரு முனையை ஆள் நிறுக்கும் சிறு தராசின்மேலும், மறுமுனையை அதே உயரமுள்ள செங்கல்லின்மேலும் வையுங்கள். இரண்டு தாங்கிகளுக்கும் இடையே மூன்று அடி இருக்கட்டும். பலகையின் எடையை முதலிற் குறித்துக் கழித்துவிடுங்கள். பின்னர், கொக்கியிற் பூட்டும் உயரத்தில் பெட்டியின் மூக்கை ஒரு கட்டையின் உதவியால், செங்கல்லிலிருந்து ஓரடி தூரத்தில் பலகையின்மேல் இறக்குங்கள். தராசு காட்டும் எண்ணை மூன்றாற் பெருக்கினால் முன்பாரம் கிடைக்கும். தராசு 40 காட்டினால் முன்பாரம் 120.

குறைவாயிருந்தால் பொருளை முன்னே நகர்த்துங்கள். அச்சிலிருந்து மூக்கு நான்கு மீற்றர் தூரத்திலுள்ள பெட்டியில், 40 கிலோ மூட்டையொன்றை மூன்று மீற்றர் முன்னே நகர்த்தினால் முன்பாரம் 30 கிலோ கூடும். நாற்பதை மூன்றாற் பெருக்கி நான்கால் வகுத்த கணக்கு அது. கனத்த பொருள்கள் தரையோடு தாழ்ந்து, அச்சை ஒட்டி, சற்றே முன்னாக அமைய வேண்டும். இலேசானவை மேலேயும் ஓரங்களிலும் இருக்கலாம். எதுவும் ஓடி உருளாதபடி கட்டிவைப்பது இன்றியமையாதது.

ஓடும் பாரம்

கட்டிவைக்க முடியாத பாரமொன்று உண்டு. அது மனிதர். இந்த மாவட்டத்தின் திருவிழாக்கள் புகழ்பெற்றவை. மார்ச் மாதத்திலும் ஆகஸ்ட் மாதத்திலும் தலவில தேவாலயத்துக்கு வருவோர் கடற்கரைத் தோப்புகளில் நாட்கணக்காகக் குடில் அமைத்துத் தங்குவர். உடப்புத் திரௌபதையம்மன் கோவில் தீமிதிப்புக்கும் பெருங்கூட்டம் சேரும். திருமணமாயினும் திருவிழாவாயினும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிச்செல்லும் ஆசை கிராமத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் விடுவதில்லை. பெட்டியில் இருபது பேர் ஏறினால் ஆயிரம் கிலோவுக்கு மேல். வேடிக்கை பார்க்க அனைவரும் பின்பலகைப் பக்கம் நகர்ந்தால் முன்பாரம் ஒரு நொடியிற் பின்பாரமாகிவிடும். எந்தத் தராசும் இந்த ஓடும் பாரத்தை நிறுக்காது. பாரப்பெட்டி பாரத்துக்கே உரியது. பயண வீட்டுப்பெட்டியிலும் அப்படியே. அது நின்றிருக்கும்போதுதான் வீடு, ஓடும்போது வெறும் பாரம். ஓடும் பெட்டிக்குள் பிள்ளைகளை உறங்கவிடுதல் எந்த நிலையிலும் தகாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி 80ஆக வேகம் கூட்டினால், வேகம் மூன்றிலொரு பங்கே கூடுகிறது. ஆனால் பிறேக் விழுங்க வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கும் மேலாகக் கூடிவிடுகிறது. வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் பெருகும் என்ற இயற்கை விதி, மன்னிப்பு வழங்கும் வழக்கமற்றது.

காற்றும் மணலும்

பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பிக் கற்பிட்டிக் குடாநாட்டில் நுழைந்ததும் காற்று வேறொரு பாரத்தைக் கொண்டுவருகிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடற்காற்று விடாது அடிக்கும். 2010ஆம் ஆண்டு முதல் மாம்புரிப் பக்கத்தில் எழுந்து நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. உயர்ந்த பக்கங்களுள்ள பெட்டி அந்தக் காற்றுக்குப் பாய்மரம் ஆகிவிடும். தோப்பின் மறைவிலிருந்து திறந்த வெளிக்கு வரும் இடங்களிலும், பெரிய லொறி எதிரே கடந்துசெல்லும் கணத்திலும் பெட்டி அசையும். அங்கே வேகத்தைக் குறைப்பதே முதற் காப்பு.

அப்படியும் வாலாட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? விசையிலிருந்து காலை மெல்ல எடுங்கள். சுக்கானை நேராகப் பிடியுங்கள். பெட்டியின் ஆட்டத்துக்கு எதிராக அதை இப்படியும் அப்படியும் திருப்பாதீர்கள். வண்டியின் பிறேக்கைச் சடுதியாக மிதிக்கவேண்டாம். வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்று எண்ணவும் வேண்டாம். பெட்டிக்குத் தனிப் பிறேக் இருந்து, அதனைத் தனியே இயக்கும் வசதியும் இருந்தால், அதை மட்டும் மெல்லப் பிரயோகியுங்கள். ஆட்டம் அடங்கியபின் ஓரமாக நிறுத்தி, பாரத்தை மாற்றியமைத்த பிறகே மேலே செல்லவேண்டும். ஆட்டம் அடங்கிவிட்டதே என்று அப்படியே தொடர்வது, இருமலுக்கு மருந்து உண்ணாது உரத்துப் பாடப்போவதை ஒக்கும்.

களப்போரத்து மென்மணலில் இறங்குவோர் டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் சக்கரம் அகன்று மணலிற் புதையாது செல்லும். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் காற்றை நிரப்பாவிட்டால் அதே டயர் சூடேறி வெடிக்கும். புறப்படுமுன் கொக்கியின் பூட்டையும் ஊசியையும், கொக்கியின் கீழ்க் குறுக்காக இட்ட காவற் சங்கிலிகளையும், பெட்டியின் பின்விளக்குகளையும் பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. கொக்கி கழன்றாலும் பெட்டியின் மூக்குத் தரையிற் குத்தாமல் தாங்குவது அந்தக் குறுக்குச் சங்கிலியே.

சுமையை அறிந்த மக்கள்

புத்தளம் மாவட்டம் சுமையின் மற்றொரு பொருளையும் அறிந்த மண். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் வந்து தங்கியது இந்த மாவட்டத்திலேதான். சில மணி நேரத்துக்குள், எதை எடுப்பது, எதை விட்டுச் செல்வது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்த குடும்பங்கள் அவை. பலருக்கு எடுக்க விடப்பட்டதே மிகச் சிறிது. அவர்களுடைய பயணத்தை நம்முடைய உல்லாசப் பயணத்தோடு ஒப்பிடுதல் கூடாது. ஆயினும், குடும்பத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் அரியர். அவர்கள் வாழும் ஊர்களினூடே செல்லும்போது, நாம் ஏற்றியிருக்கும் பொருள்களில் எத்தனை உண்மையில் தேவையானவை என்ற கேள்வி உள்ளத்தில் எழுமாயின், அது நல்ல கேள்வியே.

கற்பிட்டியின் கடற்காற்றையும், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையையும், களப்பின் மேல் இறங்கும் அந்திச் சூரியனையும் காண எத்தனையோ குடும்பங்கள் இந்த வழியே செல்கின்றன. செல்லுங்கள், கண்டு மகிழுங்கள். புறப்படுவதற்கு முதல் நாள் மாலையில் ஒரு மணி நேரத்தைத் தராசுக்கு ஒதுக்குங்கள். தாளில் மூன்று எடைகளைக் குறித்து, இரண்டு கழித்தல்களைச் செய்து, முன்பாரம் சரியா என்று பாருங்கள். எல்லை மீறியிருந்தால் இரண்டு பெட்டிகளை வீட்டிலேயே இறக்கிவையுங்கள். கடற்கரையில் அவற்றின் குறை யாருக்கும் தெரியாது. வீதியிலோ அவற்றின் கனம் ஒவ்வோர் உயிருக்கும் தெரியும்.